விளையாட்டுப் பெட்டிக்கு வீட்டுச் சித்திரம்

நாணயம் இட்டு ஆடும் மின்விளையாட்டுப் பெட்டிகள் ஐக்கிய அமெரிக்காவிலும் யப்பானிலும் ஒருகாலத்தில் கடைவீதிதோறும் நின்றன. 1972ஆம் ஆண்டில் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'பொங்' என்னும் ஆட்டத்தோடு அவற்றின் செல்வாக்குப் பெருகிற்று. அத்தகைய பெட்டியைத் தம் இல்லத்திலேயே ஒட்டுப்பலகையால் அமைத்து, உள்ளே பழைய கணினியொன்றைப் பொருத்தி, அக்கால ஆட்டங்களை ஆடி மகிழ்வோர் இன்று பல நாடுகளில் உளர். 1997இல் வெளிவந்த 'மேம்' என்னும் மென்பொருள் அதற்கு வழி திறந்தது.

தச்சுவேலை முடிந்த பின்னரே அவர்களுக்குச் சங்கடம் தோன்றுகின்றது. சித்திரமில்லாத பெட்டி துணி வைக்கும் அலமாரி போல நிற்கின்றது. முழுவதையும் அச்சகத்தில் ஒட்டுத்தாளில் அச்சிடுவித்தாலோ, பலகைக்குச் செலவான தொகையை அச்சுக்கூலி விஞ்சிவிடக்கூடும்.

ஆனால் மூலப் பெட்டிகளே சிக்கனத்தின் பிள்ளைகள் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1978இல் தைட்டோ நிறுவனத்துக்காக நிஷிகாடோ என்பவர் உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் திரை வெறும் கறுப்பு வெள்ளை. ஆடுவோர் கண்ட நிறமெல்லாம் அதன்மேல் இட்ட செலோபேன் பட்டிகளின் உபயம். அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் செய்த நின்றாடும் பெட்டியிலே திரை மல்லாந்து கிடந்தது. சாய்ந்த அரைக்கண்ணாடி அதன் பிம்பத்தைக் காட்ட, பின்னாலிருந்த நிலவுக் காட்சி அதனூடே தெரிந்தது. எதிரிப் படை நிலவின்மேல் மிதந்தது! பெட்டியின் பக்கங்களிலோ, வெட்டிய ஸ்டென்சில் தாளினூடே பூசிய சில வர்ணங்கள் மாத்திரமே. ஆகையால் ஆயிரம் நிறம் கொண்ட பளபளப்புத் தாளைக் காட்டிலும், நான்கு நிறத்தில் கையாற் பூசிய பக்கமே மூலத்துக்கு நெருங்கிய உறவு.

அப்பூச்சுக்கு முதலில் சித்திரத்தைப் பெரிதாக்க வேண்டும். சிறு படத்தின்மேல் 1 சென்ரிமீற்றர்க் கட்டங்களும், பலகையின்மேல் 10 சென்ரிமீற்றர்க் கட்டங்களும் வரைந்தால், 15 சென்ரிமீற்றர்ப் படம் ஒன்றரை மீற்றராக வளரும். புத்தகங்களுக்கு உறையிடும் ஒட்டுத்தாளே ஸ்டென்சிலுக்கு உகந்தது. சாதாரண மட்டையில், கண்ணுக்குள் மணி போன்ற தனித்த துண்டுகள் விழுந்துவிடாதிருக்கப் பாலம் விட்டு வெட்டவேண்டும். ஒட்டுத்தாளில் அத்தொல்லை இல்லை.

வர்ணம் விளிம்புக்கடியிற் கசிவதே இவ்வேலையின் பெரும் பகை. அதற்கோர் அருமையான உபாயம் உண்டு. தாளை ஒட்டியதும், அடியிலுள்ள அதே நிறத்தை விளிம்பின்மேல் மெல்லியதாக ஒருமுறை பூசவேண்டும். கசிவது அந்த நிறமே. கசிந்து காய்ந்து விளிம்பை அடைத்துவிடும். பிறகு சிவப்போ நீலமோ பூசினால் கோடு கத்தியால் வெட்டியது போலிருக்கும். உருளையில் வர்ணம் சொட்டக்கூடாது. ஏறக்குறைய உலர்ந்த உருளையால் இரண்டு மூன்று தடவை பூசுவதே நன்று. வெளிர் நிறங்கள் முன்னும் கறுப்புக் கோடுகள் இறுதியிலும் வரவேண்டும். முன்னைய தவறுகளைக் கறுப்பு மறைக்கும்.

உச்சியில் ஒளிரும் நெற்றிப் பலகைக்கு மட்டும் அச்சுப்படம் வேண்டும். இரண்டு அக்ரிலிக் தகடுகளுக்கிடையே தாளை வைத்துப் பின்னால் விளக்கேற்றினாற் போதும். தாளில் அழகாக இருந்த நிறம் பின்னொளியில் வெளிறும். மெல்லிய தாளில் ஒரே படத்தை இருமுறை அச்சிட்டு, பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நிறம் திரளும். சிறு தாள்களை இணைப்பவர் ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றி ஒட்டினால் அவ்விடம் இருண்ட கோடாகத் தெரியும். படத்திலேயே கறுப்புக் கோடு ஓடும் இடத்தில் விளிம்போடு விளிம்பாகப் பொருத்துவது புத்தி. சூடேறும் பழைய மின்குமிழை விட எல்.ஈ.டி. விளக்கே தாளுக்குப் பாதுகாப்பு.

கைப்பிடியும் பொத்தான்களும் உள்ள பலகைக்கு அச்சுத்தாளின்மேல் 3 மில்லிமீற்றர் அக்ரிலிக் தகடு. பொத்தான்களே அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். துளையிடுகையில் தகட்டை இரண்டு பலகைகளுக்கிடையே இறுக்கி மெதுவாகத் துளைக்காவிடின் வெடித்துவிடும். திரையைச் சுற்றிக் கறுப்பு மட்டை போதுமானது.

பழைய பெட்டியொன்றை வாங்கிப் புதுப்பிப்பவருக்கு வேறொரு பொறுப்பும் உண்டு. வருமானம் குறைந்தபோது உரிமையாளர்கள் உள்ளிருந்த ஆட்டத்தை மாற்றி, பக்கங்களின்மேல் வேறு வர்ணம் பூசினர். அந்தப் பூச்சின் கீழே முதற் சித்திரம் இன்னும் உறங்கலாம். உப்புத்தாள் கொண்டு வேகமாகத் தேய்த்தால் இரண்டும் சேர்ந்தே தூளாகும். மெல்லத் தேய்த்து, பழைய கோடு தலைகாட்டிய இடத்திலேயே நிறுத்தி, அதன்மேல் ஒளிபுகு தாளை விரித்துப் படியெடுத்து, ஒவ்வொரு நிறத்தையும் குறித்துக்கொள்ளவேண்டும். ஒரு பக்கத்தில் கோடு மங்கியிருந்தால் மறு பக்கத்தையும் தேய்த்துப் பார்க்கலாம். சில பெட்டிகளில் ஒரே சித்திரம் இருபுறமும் இடம்வலம் மாறிப் பூசப்பட்டிருந்தது. படியெடுத்த தாளைத் திருப்பி வைத்தால் விடுபட்ட பகுதி கிடைத்துவிடும்.