சர்வே எண்ணும் சாமானியனும்



நான் படித்தது சிவில். தியோடலைட்டைத் தோளில் சுமந்து இந்த மைதானத்தை எத்தனையோ தடவை அளந்தவன். ஆனா, என் தெருவுக்குப் பின்னாலிருந்த நஞ்சை நிலம் குடியிருப்புப் பகுதியாக மாறியது எனக்கே தெரியாமப் போச்சு!

சட்டம் இல்லாமல் இல்லை. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, முழுமைத் திட்டத்தில் மாற்றம் செய்யுமுன் ஆட்சேபனை கேட்க வேண்டும். கேட்டார்கள். நாளிதழ் மூலையில், வெறும் சர்வே எண் போட்டு! எங்க தெருவுக்கு அது ‘கோயில் பின்பக்க வயல்’. சர்வே எண் யாருக்குத் தெரியும்? கெடு முடிந்தது, வயல் மேடானது. அடுத்த ஐப்பசியில் தண்ணீர் எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டது. “நீ இன்ஜினீயர்தானேடா, பார்க்கலையா?” என்றார் அப்பா. என்னிடம் பதில் இல்லை.

1992-இல் வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வார்டு குழுக்களுக்கு வழி செய்தது. தமிழ்நாட்டு நகரங்களில் 2022-இல்தான் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. அங்கே தெருவிளக்கும் சாக்கடையும் பேசுகிறோம்; அவசியம்தான். நில உபயோக மாற்ற அறிவிப்பையும் அங்கே வரைபடத்தோடு வாசிக்க வேண்டும், மக்கள் சொன்னதற்கு எழுத்தில் பதில் தர வேண்டும் என்று கேட்போம்.

தம்பிகளே, தங்கைகளே! புலப்படம் பார்க்கக் கற்ற நீங்கள், உங்கள் தெருவுக்கு அதைப் படித்துச் சொல்லுங்கள். கெடு முடியுமுன் சொல்லுங்கள். நான் தவறவிட்டது அதைத்தான்.