சீவாளியை நனைச்சிடு

(தலைப்பு: இசைக் கலைஞனை வாழ வைப்பது பிறவித் திறமையா? அன்றாடப் பழக்கமா? ‘அன்றாடப் பழக்கமே’ என்ற அணியில் பேசிய நாதசுரக் கலைஞரின் உரை.)

நடுவர் அவர்களே! எதிரணியில் வீற்றிருக்கும் என் அன்பிற்குரியவர்களே! அதியமான் ஆண்ட இந்தத் தகடூர் மண்ணிலே, தர்மபுரியிலே கூடியிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் தட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிற சொந்தங்களே!

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு ஊதத்தான் தெரியும், பேசத் தெரியாது. எனக்கு முன்னால் பேசின அம்மாவுக்கு நடுவர் ஐயா ரெண்டு தடவை மணி அடிச்சார். எனக்கு மணி தேவையில்லை ஐயா. மூச்சு முடிஞ்சா நானே நிறுத்திடுவேன். (சிரிப்பு)

நான் பென்னாகரம் பக்கத்துக் கிராமம். நாயனக்காரன். எந்தக் கோயிலிலும் எனக்கு மாதச் சம்பளம் கிடையாது. எந்த சபாவிலும் பெயர்ப் பலகை கிடையாது. முகூர்த்தம் வந்தால் சோறு, வராவிட்டால் கூழு. இப்படி இருக்கிறவனைப் பட்டணத்துல ‘சுயாதீனக் கலைஞன்’னு சொல்றாங்களாம். என் பொண்ணு செல்போனில் படிச்சுக் காட்டினா. பேரு நல்லா இருக்கு. ஆனா அந்தப் பேரைக் காட்டினா மளிகைக் கடையில் கடன் தர மாட்டேங்கிறானே! (கைதட்டல்)

எதிரணித் தம்பி அழகாகப் பேசினார். ஔவையார் பிறவிப் புலவர், அதியமான் நெடுமான் அஞ்சி பிறவி வள்ளல், ரெண்டும் சேர்ந்தது அதனால பாட்டு பிறந்ததுன்னார். தம்பி, எங்க ஊர்ப் பாட்டியை வச்சு எங்களையே மடக்கப் பார்க்கறீங்க. புறநானூற்றில் ஒரு இடம் இருக்கு. பரிசில் தர அதியமான் தாமதம் பண்றான். ஔவைக்குக் கோபம். இசைக்கருவியைத் தோளில் தூக்கியாச்சு, பையைச் சுருட்டிக் கட்டியாச்சு, வாயிற்காவலனிடம் சொல்லிட்டுக் கிளம்பறாங்க. அப்போ ஒரு உவமை சொல்றாங்க. மழுவை எடுத்துக்கிட்டுக் காட்டுக்குப் போற தச்சன் வீட்டுப் பிள்ளைக்கு மரத்துக்கா பஞ்சம், அப்படித்தான் நாங்களும்ங்கிற கருத்து. சரி, எந்தத் தச்சன் பிள்ளை? சும்மா பிள்ளையைச் சொல்லலை. கைத்தொழிலில் தேர்ந்த பிள்ளைன்னு அடை கொடுத்துச் சொல்றாங்க. கை எப்படித் தம்பி தேரும்? தினமும் மரம் வெட்டினாத்தானே தேரும்? அரசன் வாசல்ல நின்னு ‘நீ இல்லாட்டி எனக்கு ஆயிரம் வாசல்’னு ஒரு கலைஞர் சொல்ல முடிஞ்சதுன்னா, தோளில் தொங்கின கருவி தயாரா இருந்தது. அதான் காரணம். (பலத்த கைதட்டல்)

அந்தக் கருவி தயாரா இல்லாத ஒரு வீட்டில் பிறந்தவன் நான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்க அப்பா நாயனம் வாசிச்சா, ஊர்ல கறவை மாடு அசை போடறதை நிறுத்தும். மிகையாச் சொல்றேன்னு நினைக்காதீங்க, கொஞ்சம் மிகைதான். (சிரிப்பு) டீக்கடை ரேடியோவில் ஒரு பாட்டை ஒரே ஒரு தடவை கேட்பார். அன்னைக்கு ராத்திரி மாப்பிள்ளை அழைப்பில் அதை வாசிப்பார், கூடவே ரேடியோவில் இல்லாத ரெண்டு சங்கதியும் சேர்த்து. சாதகம் பண்ணி நான் பார்த்ததில்லை. தேவையே படலை அவருக்கு. பிறவித் திறமைன்னு எதிரணி சொல்றாங்களே, அதை நான் ஒத்துக்கறேன் ஐயா. ஒரே வீட்டில் கூட இருந்து பார்த்தவன் நான்.

ஆனா எங்க தொழிலுக்கு வருஷம் ஒன்பது மாசம்தான். ஆடியில் கல்யாணம் இல்லை, புரட்டாசியில் இல்லை, மார்கழியில் இல்லை. வைகாசியில் கை நிறையப் பணம், ஆடியில் அடுப்பில் பூனை. அப்பா என்ன செய்வார்? ஆடி பிறந்ததும் நாயனத்தைத் துணியில் சுத்தி, வட்டிக்குக் கொடுக்கிற ஒருத்தர் வீட்டில் வச்சிட்டுப் பணம் வாங்கி வருவார். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைஞ்ச நாயனம் அது. எங்க தாத்தா வாங்கினது. ஆவணியில் முதல் முகூர்த்தத்து முன்பணத்தை வச்சு மீட்பார். வருஷா வருஷம் இதே கதை. ஆடிப்பெருக்குக்கு எல்லாரும் ஒகேனக்கல் போவாங்க. எங்க வீட்டுல அம்மா மட்டும் சுவரில் நாயனம் தொங்கற ஆணியைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க.

1996-ஆம் வருஷம் ஆவணி. எனக்கு 17 வயசு. முதல் முகூர்த்தம் பாலக்கோட்டுப் பக்கம். மீட்கப் போனா அந்த வீடு பூட்டிக் கிடக்கு, வெளியூர் போயிருக்காங்க. விடிஞ்சா கல்யாணம். ஒருத்தர்கிட்ட இரவல் நாயனம் வாங்கிட்டுப் போனோம். சுருதி வேற. சீவாளி எங்களுது, கெண்டை அவங்களுது, ரெண்டும் பொருந்தலை. ஒரு மாசத்துக்கு மேலா ஊதாத உதடு. ராத்திரி எப்படியோ ஒப்பேத்தியாச்சு. காலையில் ஐயர் கையைத் தூக்கி ‘கெட்டிமேளம்’னார். தவில்காரர் அடிச்சிட்டார். அப்பா ஊதினார். சத்தம் வரலை. அப்புறம் வந்தது, கோழி கத்தின மாதிரி. தாலி ஏறுற நேரம் ஐயா! யாரும் திட்டலை. பொண்ணோட தாத்தா வந்து அப்பா தோளைத் தட்டி, “பரவாயில்லைங்க, விடுங்க”ன்னார். அந்தப் பரவாயில்லைதான் அப்பாவை அடிச்சது. பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசலை. தொப்பூர்க் கணவாய்ப் பக்கம் மழை பெய்யுது, இங்க தூறுதுன்னு யாரோ சொல்லிட்டு வந்தாங்க. அது மட்டும் நினைவிருக்கு.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிட்டு என்னைக் கூப்பிட்டார். “டேய், எனக்கு வந்த மாதிரி உனக்கு வித்தை தானா வராதுடா. அதனாலதான் நீ பிழைச்சுக்குவே”ன்னார்.

நடுவர்: அருமை... அருமை. மேலே சொல்லுங்க.

அன்னையிலிருந்து ஆரம்பிச்சேன் ஐயா. காலையில் நாலரை மணி, ஏரிக்கரை. முதல் அரை மணி நேரம் பாட்டே கிடையாது. ஒரே சுரத்தில் நின்னு ஊதறது, மூச்சு நடுங்காம. அப்புறம் சரளி வரிசை, ஜண்டை வரிசை, மூணு காலத்திலும். விடியறதுக்கு முன்னால சினிமாப் பாட்டைத் தொடுறதில்லை. தொட்டா அதோட போயிடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

சில பேர் பெருமையா, ‘நான் பதினெட்டு மணி நேரம் சாதகம் பண்ணேன்’பாங்க. எனக்கு நம்பிக்கை இல்லை. நாலு மணி நேரம் விடாம ஊதினா உதடு வீங்கிடும், மறுநாள் சாப்பாடே இறங்காது. ஒன்றரை மணி நேரம், ஆனா ஆடியிலும் ஒன்றரை மணி நேரம். அதான் கணக்கு. ‘இன்னைக்குக் கச்சேரி இல்லையே’ன்னு ஒரு நினைப்பு வரும் பாருங்க, அவன்தான் வீட்டுக்குள்ள வர்ற திருடன்.

மனசு வராத நாள் வரத்தான் செய்யும். காய்ச்சல், கடன், வீட்டில் சண்டை. அதுக்கு எங்க அம்மா ஒரு வழி சொன்னாங்க. பள்ளிக்கூடம் போகாத அம்மா. “ஊத வேண்டாம்டா. சீவாளியை மட்டும் நனைச்சிடு”ன்னாங்க. சீவாளி தெரியுமில்லையா, நாயனத்து வாயில் வைக்கிற நாணல் துண்டு. காய்ஞ்சிருந்தா பேசாது, நனைஞ்சாத்தான் பேசும். நனைக்கிறது மட்டும்தான் அன்னைக்கு என் கடமை. ஆனா பாருங்க, நனைச்ச சீவாளியை வாயில் வைக்காம இருக்க முடியுமா? வாயில் வச்சா ஊதாம இருக்க முடியுமா? இத்தனை வருஷத்தில் நனைச்சிட்டு ஊதாம எழுந்த நாள் கையில் எண்ணிடலாம். (கைதட்டல்) படிக்கிற பிள்ளைங்க வீட்டில் இருக்கிறீங்கன்னா, புத்தகத்தைப் பிரிச்சு மட்டும் வைங்கடா கண்ணுங்களா. போதும்.

அடுத்தது பணம். இதைப் பேசக் கலைஞனுக்குக் கூச்சம். ‘கலையை விற்கலாமா’ம்பாங்க. விற்க வேண்டாம், அடகு வைக்காம இருக்கலாமில்லையா? (பலத்த கைதட்டல்) ஒவ்வொரு முகூர்த்தத்திலும் என் பங்கில் நாலில் ஒரு பாகம் அம்மாவோட கடுகு டப்பாவுக்குப் போயிடும். இப்போ டப்பாவுக்குப் பதிலா அஞ்சலகக் கணக்கு. ஒன்பது மாசச் சம்பாத்தியத்தைப் பன்னிரண்டு மாசமா நீட்டறது அவ்வளவுதான். தவில் அண்ணன் முதல்ல சிரிச்சார். ‘நாயனக்காரன் செட்டியார் ஆயிட்டான்’னார். ரெண்டாவது ஆடியில் வந்து, ‘தம்பி, எனக்கும் ஒரு டப்பா வாங்கு’ன்னார். (சிரிப்பு)

ஒரு நோட்டு வச்சிருக்கேன். தேதி, ஊர், முன்பணம், பாக்கி. அதுக்குப் பக்கத்தில் ஒரு வரி, அன்னைக்கு நான் செஞ்ச தப்பு. ‘மோகனத்தில் அவசரப்பட்டேன்.’ ‘ஊர்வலத்தில் பெரியவர் கேட்ட பாட்டு தெரியலை.’ தெரியாத பாட்டுதான் புரட்டாசி மாசத்துப் பாடம். புதுச் சீவாளி பழக்கறதும் சும்மா இருக்கிற மாசத்து வேலைதான். புதுசு முரண்டு பிடிக்கும், கொஞ்சம் கொஞ்சமா ஊதித்தான் பக்குவம் பண்ணணும். பையில் எப்பவும் ஆறு இருக்கும். கெட்டிமேளத்துக்கு ஒண்ணு, பயத்துக்கு அஞ்சு.

எதிரணி அம்மா ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தைச் சொன்னாங்க. 1968-ல் வந்த படம். சிக்கல் சண்முகசுந்தரத்தின் வித்துவக் கர்வத்தைப் பாருங்கன்னாங்க. அம்மா, திரையில் ஊதினது நடிகர் திலகம், நிஜமா ஊதினது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஊதறவங்க கன்னமும் விரலும் எப்படி அசையுமோ அப்படியே சிவாஜி அசைக்கிறாரே, எங்களையே ஏமாத்தறாரே! ஊதாத மனுஷன் ஊதற மாதிரி நடிக்கவே அவ்வளவு பழக்கம் வேணும்னா, ஊதறவனுக்கு எவ்வளவு வேணும்?

இளையராஜாவைச் சொன்னாங்க. 1976-ல் ‘அன்னக்கிளி’. அதுக்கு முன்னால தன்ராஜ் மாஸ்டர்கிட்டப் பாடம் படிச்சதும், ஜி.கே. வெங்கடேஷ்கிட்ட உதவியாளரா இருந்ததும் யார் கணக்கில் எழுதறது? ஸ்பெயின் நாட்டில் பாப்லோ காசல்ஸ்னு ஒருத்தர், செல்லோ வாசிச்சவர். 13 வயசில் பார்சிலோனாவில் ஒரு பழைய கடையில் பாக் எழுதின இசைப் பிரதி அவர் கையில் கிடைச்சுது. தினமும் வாசிச்சார். சபையில் வாசிக்க 12 வருஷம் கழிச்சுத்தான் துணிஞ்சார். இதுவும் என் பொண்ணு படிச்சுக் காட்டினதுதான். காசல்ஸ் ஆடி மாசம் என்ன செஞ்சார்னு மட்டும் அதில் போடலை. (சிரிப்பு)

இப்போ எங்களுக்குப் போட்டி யார் தெரியுமா? பென் டிரைவ்! மண்டபத்தில் நாமகிரிப்பேட்டையார் வாசிப்பைப் போட்டுத் தாலி கட்டிடறாங்க. அவர் எங்க பக்கத்துச் சீமைக்காரர், மகா வித்துவான், அவரோட நான் போட்டி போட முடியுமா? ஆனா அந்தப் பென் டிரைவ் தாமதமா வராது, குடிச்சிட்டு வராது, முன்பணம் வாங்கிட்டுப் போனை அணைச்சு வைக்காது. ஜனங்க அதைத் தேடிப் போனதுக்கு எங்க ஆளுங்க பழக்கமும் ஒரு காரணம்னு எங்க சங்கத்துக் கூட்டத்திலேயே சொன்னேன். ரெண்டு பேர் என்னோட இன்னும் பேசறதில்லை. பேசாட்டிப் போகட்டும். பென் டிரைவுக்கு மாப்பிள்ளையோட பாட்டி கண் கலங்கறது தெரியாது, அதைப் பார்த்து இன்னொரு ஆவர்த்தனம் நீட்டத் தெரியாது. அதை நான் செய்யணும்னா முகூர்த்தத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி நான் அங்க இருக்கணும்.

அப்பா கடைசி வரைக்கும் காலையில் ஏரிக்கரைக்கு வரலை. திண்ணையில் படுத்துக்கிட்டே கேட்பார். ஒரு நாள் நான் திரும்பி வரும்போது, “ரெண்டாவது காலத்தில் நிஷாதம் கொஞ்சம் தாழ்ந்துச்சு”ன்னார். அரை கிலோமீட்டர் தள்ளி இருந்து! அன்னைக்கு நோட்டில் அதை எழுதி வச்சேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கு. அந்த நரசிங்கம்பேட்டை நாயனமும் இருக்கு. 1996-க்குப் பிறகு எந்த ஆடியிலும் அது ஆணியை விட்டு இறங்கலை, ஊதறதுக்குத் தவிர.

நடுவர் ஐயா மணிக்குக் கையைக் கொண்டு போறார். நாளைக்குக் காரிமங்கலத்தில் ஆறு மணி முகூர்த்தம். கடைசி பஸ் பிடிக்கணும். உத்தரவு வாங்கிக்கறேன்.

(நீண்ட கைதட்டல்)