ஜோடி சேர்த்தால் போதுமா?

  

தொழிற்பயிற்சி பெற்றவரின் வருமானம் உயர்ந்தால் அது பயிற்சியின் பயனா, எப்படியும் உயர்ந்திருக்குமா? இந்தக் கேள்வி உங்களுக்குப் பழையது. குலுக்கல் முறையில் ஆளெடுக்காத திட்டங்களில், பயிற்சி பெறாதோரிலிருந்து அவரைப் போன்ற ஒருவரைத் தேடி ஜோடி சேர்க்கிறோம். வயது, படிப்பு, பழைய வருமானம் எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண்ணாகச் சுருக்கி ஒப்பிட 1983-இல் ரோசன்பாமும் ரூபினும் வழிகாட்டினார்கள். மாறிகளைக் கூட்டிக்கொண்டே போனால் இம்முறை குலுக்கலுக்கே ஈடாகிவிடும் என்று நம் துறை நண்பர்கள் சொல்லிவருகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை.

அவர்கள் காட்டும் சான்றையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1970-களின் நடுவில் நடந்த 'நேஷனல் சப்போர்ட்டட் வொர்க்' திட்டம் அது. சிறையிலிருந்தும் போதைப் பழக்கத்திலிருந்தும் மீண்டவர்கள், பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்கள், உதவித்தொகையை நம்பி வாழ்ந்த தாய்மார்கள் ஆகியோருக்கு 9 முதல் 18 மாதம் வரை வேலை உறுதி. குலுக்கலில் பிரித்ததால் சரியான விடை கையில் இருந்தது. 1986-இல் ராபர்ட் லலோண்ட் குலுக்கலில் விடுபட்டோரை ஒதுக்கிவிட்டு, தேசிய ஆய்வுகளிலிருந்து ஆள் எடுத்து ஒப்பிட்டார். முறைக்கு முறை விடை மாறியது.

1999-இல் டெஹேஜியாவும் வாபாவும் அதே தரவின் ஒரு பகுதிக்குத் திரும்பினார்கள். திட்டத்தில் சேர்ந்த ஆண்கள் 185 பேர், விடுபட்டோர் 260 பேர். 1978-இல் முன்னவர் சராசரி வருமானம் 6,349 டாலர், பின்னவருக்கு 4,555. வித்தியாசம் 1,794. பி.எஸ்.ஐ.டி. என்ற தேசியக் குடும்ப ஆய்வின் 2,490 ஆண்களோடு வெறுமனே ஒப்பிட்டாலோ, திட்டத்தினர் 15,205 டாலர் குறைவாகச் சம்பாதித்தார்கள்! வியப்பில்லை. திட்டத்தினரின் சராசரி வயது 26, ஐந்தில் ஒருவர்கூட மணமானவர் இல்லை. அந்த ஆண்களுக்கோ சராசரி வயது 35, பெரும்பாலோர் குடும்பஸ்தர்கள். மதிப்பெண்ணால் ஜோடி சேர்த்ததும் விடை 1,794-க்கு அருகில் வந்தது. நண்பர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள்.

நான் நிறுத்தமாட்டேன். லலோண்டிடம் இருந்த திட்டத்தினர் 297 பேர். குலுக்கல் காட்டிய பலன் 886 டாலர். அவர்கள் 185 ஆகச் சுருங்கியது, 1974-ஆம் ஆண்டு வருமானம் தெரிந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டதால். 2005-இல் ஸ்மித்தும் டாடும் முழுத் தொகுதிக்குத் திரும்பினார்கள். மாறிப் பட்டியலையும் மாற்றிப் பார்த்தார்கள். விடை நழுவியது. இன்னொரு சிக்கலும் உண்டு: பயிற்சியில் சேர்வதற்குச் சற்று முன் வருமானம் சரிவதை ஆஷன்ஃபெல்டர் 1978-இலேயே காட்டியிருக்கிறார். தற்காலிகமாகச் சறுக்கியவரும் நெடுநாள் ஏழையும் ஓராண்டுக் கணக்கில் ஒன்றாகத்தான் தெரிவார்கள். அவர்களைச் சூத்திரத்தால் பிரிக்க முடியாது. முந்தைய ஆண்டுகளின் வருமானம் தெரிய வேண்டும்.

ஒரே ஊர்ச் சந்தை, ஒரே கேள்வித்தாள் இரண்டும் வேண்டும் என்று ஹெக்மனும் இச்சிமுராவும் டாடும் 1997-இல் சொன்னதை விரித்துரைக்க நேரமில்லை.  நம் திறன் பயிற்சித் திட்டங்களின் பயனாளிகளைத் தொழிலாளர் ஆய்வுத் தரவோடு பொருத்த விரும்பும் மாணவர்கள், அதே மாவட்டத்தில் அதே கேள்விகளைக் கேட்கட்டும். திட்ட அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒப்பீட்டுக்கு உதவும் என்பதால், விண்ணப்பித்து இடம் கிடைக்காதோரின் பட்டியலைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.