வண்டிக்கு ஏற்ற குதிரை



விலையுயர்ந்த பெருங்கார் ஒன்று உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் நோக்கி விரைந்து செல்லக் கண்டால், எங்கள் தியாகதுருகத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். “ஐயா, அதற்கு எத்தனை குதிரைச் சக்தி?” என்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் விடையாக ஓர் எண்ணை மட்டும் சொல்லிவிட்டால், அந்தக் காரைப் பற்றி ஏதும் சொன்னதாகாது. அது ஏன் என்பதை, நம் தமிழ்நாட்டிலேயே உருவாகி, சில ஆண்டுகளே ஓடி, மறைந்துபோன ஒரு பெருங்காரைக் கொண்டு விளக்கலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் குதிரைச் சக்தி என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். ஜேம்ஸ் வாட் என்னும் அறிஞர் தம் நீராவி இயந்திரங்களை விற்க முற்பட்டபோது, “இது எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும்?” என்று வாங்குவோர் கேட்டனர். அவர்களுக்காக அவர் வகுத்த அளவு இது. 76 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் அது ஒரு குதிரைச் சக்தி. இன்றைய கணக்கில் 746 வாட். 50 கிலோ எடையுள்ள மாணவன் ஒருவன் 100 மீட்டர் உயரமுள்ள குன்றின்மேல் பத்து நிமிடத்தில் ஏறிவிடுகிறான் என்று கொள்ளுங்கள். அவன் செலவிட்ட சக்தி ஏறத்தாழ 82 வாட். குதிரையில் ஒன்பதில் ஒரு பங்கு! கோட்டைக் குன்றின்மேல் ஏறிப் பழகிய எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இக்கணக்கைக் கேட்டுச் சிரிப்பதுண்டு.

இனி வரலாற்றுக்கு வருவோம். சென்னைக்குத் தெற்கே, வண்டலூரை அடுத்து ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு நிறுவனத்தோடு உறவு பூண்டு 1948-இல் தோன்றிய நிறுவனம் அது. வான்கார்டு, டென், ஹெரால்டு, கெஸல் முதலிய கார்கள் அங்கிருந்து வெளிவந்தன. 1970-களின் பிற்பகுதியில் கார் உற்பத்தி நின்று, வேன்கள் மட்டுமே உருவாயின. பிறகு 1985-இல், எவரும் எதிர்பாராத வகையில், ‘ஸ்டாண்டர்டு 2000’ என்னும் கார் வெளிவந்தது.

அதன் அழகை இன்றும் மறப்பதற்கில்லை. அப்போது எனக்கு வயது இருபதுக்குச் சற்று மேல். எங்கள் ஊர்ச் சாலையோரம் ஒருநாள் அவ்வண்டி நின்றபோது, சந்தைக்கு வந்தோரெல்லாம் அதைச் சூழ்ந்துகொண்டனர். தாழ்ந்து நீண்ட மூக்கு; பின்புறம் மெல்லச் சரிந்திறங்கும் கூரை. அம்பாசிடரையும் பியட்டையும் மட்டுமே கண்டு பழகிய கண்களுக்கு அது வேற்றுலகத்து வண்டியாகவே தோன்றிற்று.

அந்த உடல் உண்மையிலேயே வேறு நாட்டில் பிறந்ததுதான். 1976-இல் பிரிட்டனில் வெளியான ரோவர் எஸ்.டி.1 என்னும் கார் அது. டேவிட் பேச் என்பவர் அதன் வடிவத்தை வரைந்தார். ஸ்பென் கிங் என்பவர் பொறியியல் பணிக்குத் தலைமை வகித்தார். 1977-ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்னும் விருதும் அதற்குக் கிடைத்தது. அதனுள் இருந்த எஞ்சின், அலுமினியத்தால் வார்த்த எட்டு சிலிண்டர் எஞ்சின். அமெரிக்காவின் ப்யூக் கார்களுக்காக 1961-இல் வந்த எஞ்சினை, அதை ஆக்கும் உரிமையோடு ரோவர் நிறுவனம் 1965-இல் வாங்கித் தனதாக்கிக் கொண்டது. கொள்ளளவு மூன்றரை லிட்டர். ஆற்றல் 155 குதிரைச் சக்தி.

நம் ஸ்டாண்டர்டு 2000 காருக்கு உடல் வந்தது. அந்த எஞ்சின் வரவில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. இறக்குமதி செய்வது எளிதன்று. ஆகவே, தம் வேன்களுக்காக ஏற்கெனவே ஆக்கிவந்த நான்கு சிலிண்டர் எஞ்சினையே சற்றுத் திருத்தி அதனுள் பொருத்தினர். ஆற்றல் 83 குதிரைச் சக்தி.

இந்த எஞ்சினின் பூர்வீகத்தைக் கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள். 1940-களின் இறுதியில் கவென்ட்ரி நிறுவனம் வான்கார்டு காருக்கென ஆக்கிய குடும்பத்தைச் சேர்ந்தது அது. அக்குடும்பத்தின் மற்றொரு பிள்ளை பெர்குசன் டிராக்டரில் ஏர் உழுதது! டிராக்டருக்கு உழைத்த குலம் என்பதால் அதை இழிவாக எண்ணிவிடாதீர்கள். உழைப்புக்கு அஞ்சாத, எளிதில் பழுது பார்க்கத்தக்க, உறுதியான எஞ்சின் அது. அதன் இயல்பு வேறு, அவ்வளவே. அவ்வியல்பை அளவுகளே காட்டிவிடும்.

அதன் சிலிண்டரின் குறுக்களவு 83 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தொலைவு 92 மில்லிமீட்டர். ஓட்டம் நீளமானது. ரோவரின் எட்டு சிலிண்டர் எஞ்சினிலோ குறுக்களவு ஏறத்தாழ 89. ஓட்டம் 71 மட்டுமே. இரண்டும் நிமிடத்துக்கு 5000 சுற்று சுழல்வதாக வைத்துக்கொள்வோம். முன்னதன் பிஸ்டன் விநாடிக்குச் சராசரி 15 மீட்டருக்கு மேல் ஓடவேண்டும். பின்னதற்கு 12 மீட்டர்கூட வேண்டியதில்லை. நீண்ட ஓட்டமுள்ள எஞ்சின் மெல்லச் சுழலும்போதே நன்கு இழுக்கும். விரைந்து சுழலச் சொன்னால் திணறும். கிணற்றில் கவலை இழுக்கும் மாட்டைப் பந்தயத்துக்கு அழைத்துச் செல்வதில்லை அல்லவா?

சொகுசு என்பதற்கும் இங்கே ஒரு பொறியியல் பொருள் உண்டு. மெத்தை இருக்கையை மட்டும் நான் சொல்லவில்லை. ஓர் உரலில் இரண்டு பெண்கள் மாறிமாறி உலக்கை போட்டால் இடிக்கும் ஓசை தனித்தனியே கேட்கும். நான்கு பேர் மாறிமாறிப் போட்டால் ஓசை தொடர்ந்து ஒழுகும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் தண்டு ஒருமுறை சுழலும்போது இரண்டு வெடிப்புகள். எட்டு சிலிண்டரில் நான்கு. பெருங்காரில் அமர்ந்தவர் எஞ்சின் ஓடுவதையே உணராதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது 83 என்னும் எண்ணை எடையோடு சேர்த்துப் பார்ப்போம். காரின் எடை ஏறத்தாழ 1300 கிலோ என்று கொண்டால், ஒரு டன்னுக்கு 64 குதிரைச் சக்தி. எட்டு சிலிண்டர் ரோவருக்கு அது 115 அளவில் இருந்தது. 1983 இறுதியில் சாலைக்கு வந்த சிறிய மாருதி 800-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: எடை ஏறத்தாழ 650 கிலோ, சக்தி 40-க்குச் சற்றுக் குறைவு. டன்னுக்கு 60 அளவில் வருகிறது. ஆக, செல்வர்களுக்கென ஆக்கிய பெருங்காரும் நடுத்தரக் குடும்பத்தின் சிறு காரும் இந்தக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றே! எரிபொருள் செலவிலோ அவ்விரண்டும் ஒன்றல்ல.

“சக்தி குறைந்தால் என்ன, மெதுவாகப் போகலாமே?” என்று நீங்கள் கேட்கக்கூடும். சமவெளியில் ஒரே சீராகச் செல்வதற்குப் பெருஞ்சக்தி தேவையில்லை என்பது உண்மைதான். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறும்போதுகூட, ஆட்களோடு 1600 கிலோ எடையை, பத்துக்கு ஒன்று சரிவில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றுவதற்கு 21 குதிரைச் சக்தியே சரிவுக்கென வேண்டும். உச்ச வேகத்துக்கும் இது பெரிதாக உதவுவதில்லை. காற்றின் தடையை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடியாகப் பெருகும். ஆதலால் சக்தியை இரட்டிப்பாக்கினாலும் உச்ச வேகம் கால் பங்குதான் கூடும்.

அப்படியானால் அத்தனை குதிரைகள் எதற்கு? முந்திச் செல்வதற்கு!

எங்கள் பகுதியில் கரும்பு ஏற்றிய வண்டிகள் மிகுதி. இந்நெடுஞ்சாலையை நான்கு வழியாக அமைத்த காலத்தில், வழியிலுள்ள பல ஊர்களின் புறவழிகளை இருவழியாகவே விட்டார்கள். அத்தகைய இடத்தில் ஒரு கார் 60-லிருந்து 90 கிலோமீட்டர் வேகத்துக்கு உயர்ந்து, முன்னே செல்லும் வண்டியைக் கடக்க முயல்கிறது. 1300 கிலோ காருக்கு இதற்கென வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 2 லட்சத்து 26 ஆயிரம் ஜூல். எஞ்சினின் உச்ச சக்தியில் சராசரியாகப் பாதி இதற்குக் கிடைக்கிறது என்று கொள்வோம். 83 குதிரைச் சக்தி உள்ள கார் 7 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும்; அதற்குள் 150 மீட்டர் ஓடிவிடும். 155 உள்ளதற்கு 4 விநாடி, 80 மீட்டர் போதும். எதிர்வரிசையில் பேருந்து ஒன்று வந்துகொண்டிருந்தால், அந்த மூன்று விநாடி யாருடையது என்று எண்ணிப் பாருங்கள். வேகமானி 200 வரை காட்டுவதை வியந்து நிற்கும் இளைஞர்களிடம் நான் இக்கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். உச்ச வேகம் நம் சாலைகளில் பயன்படாத பெருமை. இடைவேகத்தில் கிடைக்கும் உந்துதலே பயனுள்ளது. அதுவும், எதிரே சாலை தெளிவாக வெறுமையாகத் தெரியும்போது மட்டும்.

ஸ்டாண்டர்டு 2000 நீடிக்கவில்லை. அழகைக் கண்டு வந்தவர்களுக்கு வேகம் கிடைக்கவில்லை. சிக்கனம் கருதியவர்களுக்குச் சிறு கார்கள் வந்துவிட்டன. 1988-இல் உற்பத்தி நின்றது. நாற்பது ஆண்டுகள் பலருக்குத் தொழிலும் திறமையும் தந்த தொழிற்சாலை அது. என் கருத்தில் அந்தக் காரின் உடலும் குற்றமற்றது; எஞ்சினும் குற்றமற்றது. அவ்விரண்டுக்கும் நிகழ்ந்த மணந்தான் பொருந்தாத மணம். ரோவர் நிறுவனமே 1982-இல் அக்காரில் 2 லிட்டர் எஞ்சின் ஒன்றை வைத்ததுண்டு. ஆனால் அது வேறொரு புதிய எஞ்சின். சக்தியும் 100 அளவில் இருந்தது.

வண்டலூரைத் தாண்டி அதே சாலையில் இன்னும் தெற்கே சென்றால் சிங்கப்பெருமாள் கோயில் வரும். அதன் அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் கார்கள் பூட்டப்படுகின்றன. 2015-இல் அவற்றுக்கான எஞ்சின்களையும் கியர் பெட்டிகளையும் அங்கேயே பூட்டத் தொடங்கினர். 2023-இல் இந்தியாவில் அறிமுகமாகி அங்கே உருவான 740ஐ என்னும் காரில், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர் கொண்ட 3 லிட்டர் எஞ்சின். ஆற்றல் 381 குதிரைச் சக்தி. ரோவரின் மூன்றரை லிட்டருக்கு 155. இந்த 3 லிட்டருக்கு 381. டர்போ என்னும் காற்றழுத்தியும், எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் முறையும், இவற்றையெல்லாம் கணந்தோறும் கணக்கிட்டு ஆளும் மின்னணுக் கருவியும் செய்த மாற்றம் இது.

ஆனால் இக்கார் இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட எடையுடையது. இவ்வெடையை ஓடவைப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நிறுத்துவதைப் பற்றிக் கேட்பவர் அரியர். எடையை 2000 கிலோ என்றே வைத்துக்கொண்டு, 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 4 விநாடியில் நிறுத்துவதாகக் கணக்கிடுங்கள். பிரேக்குகள் விழுங்கவேண்டிய ஆற்றல் ஏழே முக்கால் லட்சம் ஜூலுக்குச் சற்றுக் குறைவு. சராசரி சக்தி 259 குதிரை. பிடித்த முதல் கணத்தில் அதன் இருமடங்கு, அதாவது 500-க்கும் மேல். எஞ்சினைக் காட்டிலும் பிரேக்கே வலிமை வாய்ந்தது! அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறும். ஆகவேதான் இத்தகைய கார்களின் பிரேக் வட்டுகளை அகலமாகச் செய்து, நடுவே காற்றோடும் இடைவெளி விடுகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய்வதால், முன்சக்கரங்களின் வட்டுகளுக்கே பெரும்பாரம். சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு சறுக்குவதைத் தடுக்க, விநாடிக்குப் பலமுறை பிடித்துவிடும் மின்னணு அமைப்பும் உண்டு.

இத்தனைக்கும் பிறகு அந்தக் கார் நிற்க ஏறத்தாழ 55 மீட்டர் வேண்டும். இருவழிப் புறவழியில் ஆட்டுமந்தை ஒன்று குறுக்கிடுவதை ஓட்டுநர் கண்டு, அவர் கால் பிரேக்கை அழுத்துவதற்குள் கழியும் ஒரு விநாடியில் கடக்கும் 28 மீட்டர் இக்கணக்கில் சேரவில்லை.