கையில் வந்த சீட்டில் பெயர் இல்லை



வாக்குச்சாவடிக்குப் போய், வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டு, வாக்குச்சீட்டை வாங்குகிறோம். மறைவிடத்துக்குப் போய்ப் பார்த்தால், யாருக்கு வாக்களிக்க வந்தோமோ அவர் பெயர் அதில் இல்லை. அவர் பெயர் மட்டுமல்ல, அந்தப் பதவிக்கான பகுதியே சீட்டில் இல்லை. 2016ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் தேதி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பல வாக்காளர்களுக்கு இது நடந்தது. ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் ஹிலாரி கிளின்டனா, பெர்னி சாண்டர்ஸா என்று முடிவு செய்து வந்தவர்கள் அவர்கள்.

அன்று நடந்தது பிரைமரி, அதாவது முதனிலைத் தேர்தல். நம் ஊரில் யார் வேட்பாளர் என்பதைக் கட்சித் தலைமை அறிவித்துவிடும். அமெரிக்காவில் அதையும் வாக்காளர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கலிபோர்னியாவில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும்போதே எந்தக் கட்சியைச் சார்ந்தவர் என்று பதிந்துகொள்ளலாம். எந்தக் கட்சியும் வேண்டாம் என்றும் பதியலாம். சிக்கல் முளைப்பது இந்த இரண்டாவது கூட்டத்திடம்தான். அங்கே அவர்கள் சிறு கூட்டமல்ல, பல லட்சம் பேர்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 1996இல் கலிபோர்னியா மக்கள் ஒரு சட்டத்தை வாக்களித்து நிறைவேற்றினார்கள். யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சியின் பிரைமரியிலும் வாக்களிக்கலாம், எல்லாருக்கும் ஒரே சீட்டு என்றது அது. கட்சிகள் வழக்குப் போட்டன. எங்கள் வேட்பாளரை எங்கள் கட்சிக்கு வெளியே இருப்பவர்கள் தேர்ந்தெடுப்பதா என்பது அவர்கள் கேள்வி. 2000இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அதன் பிறகு, கட்சி சாராதவரை உள்ளே விடலாமா வேண்டாமா என்பது அந்தந்தக் கட்சியின் விருப்பம் ஆயிற்று. 2010இல் இன்னொரு மாற்றம் வந்தது. செனட், மாநிலச் சட்டமன்றம் போன்ற பதவிகளுக்கு எல்லாருக்கும் ஒரே பட்டியல், முதலிரண்டு இடம் பிடிப்பவர்கள் நவம்பரில் மோதுவார்கள் என்று விதி மாறியது. ஜனாதிபதி தேர்தலுக்கு மட்டும் பழைய கட்சிப் பிரிவினை நீடித்தது. ஒரே நாளில், ஒரே சாவடியில், ஒரு பதவிக்கு ஒரு விதி, மற்றொன்றுக்கு வேறு விதி. சாதாரண வாக்காளர் இதை எப்படி நினைவில் வைத்திருப்பார்?

2016இல் கட்சி சாராதவர்களை ஜனநாயகக் கட்சி அனுமதித்தது. குடியரசுக் கட்சி அனுமதிக்கவில்லை. ஆனால் ஜனநாயகக் கட்சியின் சீட்டு வேண்டுமென்றால் வாக்காளர் வாய் திறந்து கேட்க வேண்டியிருந்தது. கேட்காதவருக்கு ஜனாதிபதி பகுதி இல்லாத சீட்டுதான் கிடைத்தது. கேட்டால் கிடைக்கும் என்பதே பலருக்குத் தெரியவில்லை. தெரிந்து கேட்டவர்களிலும் சிலருக்கு, அப்படியெல்லாம் கிடையாது என்ற பதில் வந்தது. வேறு சிலருக்குப் புரொவிஷனல் சீட்டு கொடுத்தார்கள். அது உறைக்குள் வைத்து ஒட்டப்பட்டு, வாக்காளரின் தகுதியைச் சரிபார்த்த பிறகே எண்ணப்படும் வாக்கு.

தபாலில் சீட்டு பெற்றவர்களின் பாடு இன்னொரு விதம். முன்கூட்டியே கட்சிச் சீட்டு கேட்டு எழுதாதவர்களுக்கு ஜனாதிபதி பகுதி இல்லாத சீட்டு வந்து சேர்ந்தது. அதைச் சாவடிக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தால் மாற்றிக்கொள்ள முடிந்தது. வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவருக்குப் புரொவிஷனல் சீட்டுதான் கிடைத்தது. வேலைக்கு நடுவே ஓடி வந்தவர் திரும்பப் போய் எடுத்து வர முடியுமா?

இந்தக் குழப்பம் வரும் என்று முன்பே எச்சரித்தவர்கள் இருந்தார்கள். ஊழியர்கள் தாமாகவே வாக்காளருக்கு இந்த உரிமையைச் சொல்ல வேண்டும் என்று தேர்தலுக்கு முன் வழக்குத் தொடுத்தார்கள். கூட்டாட்சி நீதிமன்றம் அவசர உத்தரவு தர மறுத்துவிட்டது.

சாவடி ஊழியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்தில் வாழும் சாதாரண மக்கள். சிறு தொகை பெற்றுக்கொண்டு அந்த ஒரு நாளுக்காக வந்து உட்காருகிறவர்கள். காலை 7 மணியிலிருந்து இரவு 8 மணி வரை வாக்குப்பதிவு. யாருக்கு எந்தச் சீட்டு என்ற அட்டவணையைப் பயிற்சி வகுப்பில் ஒரு முறை கேட்டுவிட்டு, வரிசை நீண்டு நிற்கும்போது பிசகாமல் நடத்துவது எளிதல்ல. குற்றம், கேட்டவருக்கு மட்டும் கொடு என்று எழுதி வைத்த விதியின் மேல்.

கட்சியின் பெயரே வாக்காளரை ஏமாற்றிய கதையும் உண்டு. அமெரிக்கன் இண்டிபெண்டன்ட் பார்ட்டி என்றொரு வலதுசாரிக் கட்சி. இனப் பிரிவினையை ஆதரித்த ஜார்ஜ் வாலஸ் 1968இல் ஜனாதிபதி தேர்தலில் நின்றது இந்தக் கட்சியின் பெயரில்தான். கட்சி சாராதவராகப் பதிய நினைத்தவர்கள், படிவத்தில் இண்டிபெண்டன்ட், அதாவது சுயேச்சை, என்ற சொல்லைப் பார்த்து அந்தக் கட்டத்தில் குறியிட்டுவிட்டார்கள். 2016 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கட்சியின் உறுப்பினர்களாகப் பதிவாகியிருந்தவர்களில் 73 சதவீதம் பேர் தாங்கள் ஒரு கட்சியில் சேர்ந்திருக்கிறோம் என்பதையே அறியாதவர்கள் என்று தெரிந்தது. அவர்கள் ஜனநாயகக் கட்சிச் சீட்டைக் கேட்டிருந்தாலும் அன்றைய சட்டப்படி கிடைத்திருக்காது. வேறு கட்சிக்காரர் ஆகிவிட்டார்களே! கட்சிப் பெயரில் அந்தச் சொல்லையே தடுக்க ஒரு மசோதா 2019இல் மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் கேவின் நியூசம் அதை ரத்து அதிகாரத்தால் நிறுத்திவிட்டார். அது தவறான முடிவு என்பது என் எண்ணம்.

சீட்டின் அமைப்பும் குழப்பியது. 2016இன் அதே ஜூன் நாளில் செனட் பதவிக்கு 34 பேர் போட்டியிட்டார்கள். அத்தனை பெயர்கள் ஒரே வரிசையில் அடங்காமல், சில கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், இரண்டு வரிசைகளாக அச்சிட்டார்கள். வரிசைக்கு ஒருவர் என்று நினைத்து இரண்டு பேருக்குக் குறியிட்டவர்களின் செனட் வாக்கு செல்லாமல் போனது.

இதற்கெல்லாம் எட்டு ஆண்டுகள் முன்பே லாஸ் ஏஞ்சல்ஸ் ஒரு பாடம் கற்றிருந்தது. 2008 பிப்ரவரி 5 பிரைமரி. ஹிலாரி கிளின்டனும் பராக் ஒபாமாவும் மோதிய தேர்தல். அங்கே அப்போது வாக்குச்சீட்டில் பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும். வேட்பாளர் பெயர்கள் மறைவிடத்தில் இருந்த ஏட்டில் இருந்தன. பெயருக்கு நேரான எண் வட்டத்தில் மை பதிக்க வேண்டியிருந்தது. கட்சி சாராதவர் கூடுதலாக ஒரு வட்டத்தையும் நிரப்ப வேண்டியிருந்தது, எந்தக் கட்சியின் தேர்தலில் வாக்களிக்கிறார் என்று காட்ட. கட்சிச் சீட்டைக் கேட்டு வாங்கி, வேட்பாளருக்கும் குறியிட்ட பிறகு, கட்சி வட்டம் எதற்கு என்று பல்லாயிரம் பேர் விட்டுவிட்டார்கள். கட்சி சாராதவர்களை அனுமதித்த இரண்டு கட்சிகளின் வேட்பாளர்களுக்கும் ஒரே எண்கள் பயன்பட்டதால், யாருக்குப் போட்ட வாக்கு என்று எந்திரத்துக்குப் புரியவில்லை. ஜனாதிபதிக்கான அந்த வாக்குகள் முதலில் எண்ணப்படவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, வாக்காளரின் நோக்கம் தெளிவாகத் தெரிந்தவற்றைத் தேடி எடுத்து எண்ணினார்கள். பெரும்பகுதி பிழைத்தது. ஆனாலும் ஆயிரக்கணக்கான வாக்குகள் கடைசிவரை கணக்கில் சேரவே இல்லை.

2016இன் முடிவு இந்தக் குழப்பத்தால் மாறியது என்று நான் சொல்லவில்லை. கிளின்டன் சுமார் 53 சதவீதம், சாண்டர்ஸ் 46 சதவீதம். புரொவிஷனல் வாக்குகளில் பெரும்பாலானவை சரிபார்க்கப்பட்டு எண்ணப்பட்டன, அதற்குப் பல வாரங்கள் பிடித்தன. ஆனால் தவறான சீட்டில் குறியிட்டுவிட்டு வீட்டுக்குப் போனவரின் வாக்கை எந்த மறு எண்ணிக்கையும் மீட்டுத் தராது. அவர் விரும்பிய பெயர் எந்தக் காகிதத்திலும் பதிவாகவில்லை. இழப்பு நேர்ந்ததாக ஒரு கணக்கும் இருக்காது. எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான். ஜெயித்தவர், தோற்றவர் என்ற பேச்சில் இவர்கள் காணாமல் போகிறார்கள்.

கலிபோர்னியாவில் குடியுரிமை பெற்று வாழும் பிள்ளைகளும் உறவினர்களும் நம் நேயர்கள் பலருக்கு இருப்பார்கள். அவர்களிடம் அடுத்த முறை பேசும்போது இதைச் சொல்லுங்கள். உங்கள் பதிவில் எந்தக் கட்சி என்று இருக்கிறது என்பதைத் தேர்தலுக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். சாவடியில் சீட்டு கைக்கு வந்ததும், குறியிடும் முன் முழுவதும் படியுங்கள். வேண்டிய பகுதி இல்லையென்றால் அங்கேயே நின்று கேளுங்கள். பிழையாகக் குறியிட்டுவிட்டாலும், பெட்டியில் போடும் முன் திருப்பிக் கொடுத்து வேறு சீட்டு வாங்கலாம், அது உங்கள் உரிமை. அதிகாரத்தில் இருப்பவர்கள் செய்ய வேண்டியதோ இதைவிட எளிது. கட்சி சாராத ஒருவர் மேசை முன் வந்து நின்றால், உங்களுக்கு எந்தச் சீட்டு வேண்டும் என்று ஊழியரே முதலில் கேட்கட்டும்.