ஒரு தொழிலும் பல தொழில்களும்



ஒரு வட்டாரம் செழிப்பதற்கு ஒரே தொழிலில் தேர்ச்சி பெறுவது நல்லதா, பல தொழில்களை வளர்ப்பது நல்லதா என்னும் கேள்வி நம் கிராமங்களுக்கும் உரியதே. விடை காண நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நொய்யலாற்றங்கரையிலுள்ள இரு நகரங்களைக் கண்டால் போதும்.

திருப்பூர் பனியன் தொழிலையே தன் தொழிலாகக் கொண்டது. நூல் விற்போர், பின்னுவோர், சாயமிடுவோர், வெட்டுவோர், தைப்போர் யாவரும் அருகருகே இருப்பதால் வேலை விரைவாகவும் சிக்கனமாகவும் முடிகிறது. புதிதாக வருபவரும் பக்கத்துப் பட்டறையைப் பார்த்தே தொழில் கற்கின்றார். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அங்கிருந்தே செல்கிறது. வெளி மாவட்டத்தாருக்கும் வெளி மாநிலத்தாருக்கும் பிழைப்பளிக்கும் இச்சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆயினும் ஒற்றைத் தூணில் நிற்கும் வீட்டுக்கு ஆபத்தும் உண்டு. சாயக்கழிவு நொய்யலில் கலந்தமையால், பாசனத்துக்கென எழுந்த ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பயிருக்கு உதவாது போயிற்று. விவசாயிகள் வழக்காடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சாயத்தை நம்பியிருந்த பிற பட்டறைகளும் தடுமாறின. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, ஊர் முழுவதும் ஒருசேரக் கவலையுற்றது.

கோயம்புத்தூரும் 1888-இல் நூற்பாலையுடன்தான் தொடங்கிற்று. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. ஆலை யந்திரங்களைப் பழுதுபார்த்த கைகள் வார்ப்படத் தொழிலில் தேர்ந்தன. கிணற்றுப் பாசனத்துக்கு மோட்டாரும் பம்பும் செய்தன. பின்னர் மாவரைக்கும் கிரைண்டரும் செய்தன. பிற்காலத்தில் பழைய ஆலைகள் பல மூடப்பட்டபோது, இத்தொழில்கள் நகரைத் தாங்கின.

பல தொழில் என்பது தொடர்பற்றவற்றை அள்ளித் தெளிப்பதன்று. ஒன்றின் திறமையிலிருந்து மற்றொன்று கிளைக்க வேண்டும். பருத்திக் காட்டில் ஊடுபயிராக உளுந்து விதைக்கும் விவசாயிக்கு இதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே, அடுத்த கிராம சபையில் மூன்று கேள்விகளை எழுப்புவோமாக. நம் ஊரில் எத்தனை குடும்பங்கள் ஒரே தொழிலை நம்பியுள்ளன? அத்தொழில் ஆறு மாதம் நின்றுபோனால் அவர்களுக்கு வேறென்ன வேலை உண்டு? அதன் கழிவு யாருடைய கிணற்றில் சேர்கிறது? இம்மூன்றுக்கும் விடை எழுதி வைத்துக்கொண்டு, அதன் பின்னரே புதிய பட்டறைகளை நம் ஊருக்கு வரவேற்போமாக.