கண்ணாமூச்சி ஆடும் மீரா

1596-ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியின் வடகடலோரத்தில் டேவிட் ஃபப்ரீசியஸ் என்றொரு பாதிரியார். கோள் ஒன்றின் இடத்தைக் குறிக்க, பக்கத்திலிருந்த விண்மீனை அடையாளமாக வைத்துக்கொண்டார். சில நாட்களில் அந்த அடையாளமே பளிச்சென்று ஒளி கூடியது. அக்டோபரில் பார்த்தால் ஆளையே காணோம்!

தொலைநோக்கி வராத காலம் அது. புதிதாய்த் தோன்றி அவிந்துபோன விண்மீன் என்று கணக்கை முடித்துவிட்டார். 1609-இல் அதே இடத்தில் மறுபடியும் தென்பட்டது. வாத்துத் திருட்டு விவகாரத்தில் ஒரு குடியானவன் அவரை 1617-இல் அடித்துக் கொன்றதாகச் சொல்வார்கள். புதிர் அவிழ்ந்தது அதற்குப் பிறகுதான். ஏறக்குறைய 11 மாதத்துக்கு ஒருமுறை அது பிரகாசித்து மங்குகிறது என்று 1638-இல் தொடங்கிய கவனிப்பில் கண்டவர் டச்சுக்காரர் ஹோல்வார்டா. மீரா என்று பெயர் வைத்தவர் வானியலாளர் ஹெவீலியஸ்.

மீரா ஒரு சிவப்பு ராட்சத விண்மீன். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால், பூமியை விழுங்கிச் செவ்வாயின் பாதை வரை வந்துவிடும். அந்தப் பெரிய உடல் சுமார் 332 நாளுக்கு ஒருமுறை விரிந்து சுருங்குகிறது. விரியும்போது மேலடுக்கு குளிர்ந்து, அங்கே டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறுகள் ஏராளமாக உருவாகின்றன. வெள்ளைப் பெயின்டில் கலக்கிறார்களே, அந்தப் பொருளின் நெருங்கிய உறவு. கண்ணுக்குத் தெரியும் ஒளியை இவை மறித்துவிடுகின்றன. அதனால்தான் நம் கண்ணுக்குச் சில நூறு மடங்கு ஏற்ற இறக்கம்; அகச்சிவப்பில் பார்த்தால் வேறுபாடு மிகக் குறைவு.

போகிற வழியெல்லாம் வாயுவையும் தூசியையும் உதிர்த்துக்கொண்டும் போகிறது. அப்படி உதிர்ந்தது 13 ஒளியாண்டு நீள வாலாகக் கிடப்பதை, கேலெக்ஸ் என்ற புறஊதா விண்வெளித் தொலைநோக்கி காட்டியதாக 2007-இல் அறிவித்தார்கள். இத்தனை நூற்றாண்டு பார்த்தும் யார் கண்ணிலும் படாத வால்!

பார்க்க ஆசைப்படும் நேயர்கள் மார்கழி முன்னிரவில் கார்த்திகைக் கூட்டத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தென்மேற்கே திமிங்கல மண்டலத்துக்கு இறங்கலாம். தமிழ்நாட்டில் மீரா ஏறக்குறைய உச்சிக்கே வரும். ஆனால் ஒரு சிக்கல். சுழற்சி 332 நாள் என்பதால், உச்ச ஒளி ஆண்டுக்கு ஆண்டு ஒரு மாதம்போல முந்திக்கொண்டே போகும். சித்திரை வாக்கில் உச்சம் வாய்த்தால், சூரியன் அருகிலிருப்பதால் அந்த ஆண்டு ஏமாற்றம்தான். மற்ற ஆண்டுகளிலும் பல மாதங்கள் வெறுங்கண்ணுக்குச் சிக்காது.

இப்படி மாறும் விண்மீனின் ஒளியைப் பதிவுசெய்யப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஒளி மாறாத அக்கம்பக்க விண்மீன்களோடு ஒப்பிட்டு, இதைவிட மங்கல், அதைவிடப் பிரகாசம் என்று மதிப்பிட்டு, தேதியும் நேரமும் குறித்தால் போதும். வேலை எளிது, பொறுமைதான் அரிது. அந்தப் பொறுமை வங்காளத்தின் ஜெசூரில் கருவூல ஊழியராயிருந்த ராதாகோவிந்த சந்திராவிடம் இருந்தது. பகலில் அரசாங்கக் காசு, இரவில் மாறும் விண்மீன்கள். 1911-இல் தொடங்கிய அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு அவர் அனுப்பிய மதிப்பீடுகள் 37,000-க்கும் மேல். சங்கம் அவருக்கு ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றை இரவலாகக் கொடுத்தது. அவருக்குப் பின் அது வானியலாளர் வைணு பாப்புவிடம் வந்து, பிறகு ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.